சாவியைக் கதவிலேயே தொங்கவிடலாமா?

பல்கலைக்கழகங்களில் இயங்கும் நம் தமிழ் அமைப்புகள் ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காகப் புதிர்ப்போட்டி, பேச்சுப்போட்டி, அறிவியல் விழா, தன்முனைப்பு முகாம் எனப் பலவற்றை நடத்தி வருகின்றன. ஒரு காலத்தில் பள்ளிகளிலிருந்து பதிவுப் பாரங்கள் தொலைநகலில் வந்தன. பிறகு மின்னஞ்சலில் வந்தன. அதன் பிறகு கூகல் பாரம் வந்தது. இப்பொழுதோ கணினித்துறையில் பயிலும் செயலவை உறுப்பினர் ஒருவர் எழுந்து, “நாமே ஒரு கைப்பேசிச் செயலியை உருவாக்கிவிடலாமே!” என்கிறார். கூட்டமும் கைதட்டி ஏற்றுக்கொள்கிறது.

நல்ல முயற்சிதான். தமிழில் இயங்கும் செயலிகள் பெருக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், அந்தச் செயலி கேட்பவற்றைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மாணவரின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், பள்ளி, வகுப்பு, பெற்றோரின் கைப்பேசி எண், சில வேளைகளில் வீட்டு முகவரி, புகைப்படம். பத்து வயதுப் பிள்ளையின் வாழ்க்கையே ஒரு வரிசையில் அடங்கிவிடுகிறது. இவையெல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன? அவற்றை யார் யார் பார்க்கலாம்? செயலவைக் கூட்டத்தில் ஏற்பாட்டுக் குழுவின் சட்டை நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதிக்கிறோம். இந்தக் கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை.

“இது கணினி மாணவர்களின் வேலை, நமக்கெதற்கு?” என்று தமிழ்த்துறை நண்பர்களும் பொருளியல் நண்பர்களும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். செயலியை எழுதுபவர் ஒருவராக இருக்கலாம். ஆனால், பாரத்தின் தலைப்பில் இருப்பது அமைப்பின் பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் பெற்றோர் எண்களைத் தருகிறார்கள். “பல்கலைக்கழகப் பிள்ளைகள் கேட்கிறார்கள், கொடு” என்று ஆசிரியரும் சொல்கிறார். ஆகவே, தலைவரும் செயலாளரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். தோட்டத்து மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்க வந்தவர் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பார். கடைக்காரர் அந்தப் பக்கம் நிற்பார். சரக்கறை அவருக்குப் பின்னால் இருக்கும். நாம் கேட்பதைக் கடைக்காரர் எடுத்துத் தருவார். கடன் கணக்கில் நம் பக்கத்தைத்தான் காட்டுவார். அடுத்த வீட்டுக்காரரின் பக்கத்தைக் காட்ட மாட்டார். கைப்பேசிச் செயலி என்பது வாடிக்கையாளர். தரவுத்தளம் என்பது சரக்கறை. இடையில் நிற்கும் கடைக்காரர்தான் வழங்கியில் இயங்கும் நிரல். கணினித் துறையினர் ஏபிஐ என்று சொல்லும் இடைமுகம் அவருடைய மேசை. செயலி மேசையில் கேட்க வேண்டும். கொடுக்கலாமா கூடாதா என்பதைக் கடைக்காரர் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால், நம் மாணவர்கள் பலர் என்ன செய்கிறார்கள்? கடைக்காரரையே நீக்கிவிடுகிறார்கள். செயலிக்குள்ளேயே தரவுத்தளத்தின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் எழுதி நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். பழைய பயிற்சிக் காணொளிகள் பலவும் இப்படித்தான் கற்றுத் தருகின்றன. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். விரிவுரையாளர் முன் காட்டும்போது அழகாக ஓடும். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

இதில் என்ன கேடு என்கிறீர்களா? ஆண்டிராய்டுச் செயலியின் கோப்பு என்பது உண்மையில் சுருக்கிக் கட்டிய ஒரு பொட்டலம். அதைப் பிரித்துப் பார்க்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஜேஏடிஎக்ஸ் என்ற கருவியில் அந்தக் கோப்பை இட்டால், எழுதிய நிரலை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தரும். ஆய்வுக்கூடத்தில் நண்பர் ஒருவர் தாம் எழுதிய பயிற்சிச் செயலியையே இப்படிப் பிரித்துக் காட்டினார். குடித்துக்கொண்டிருந்த தேநீர் ஆறுவதற்குள் கடவுச்சொல் திரையில் இருந்தது. “மறையாக்கம் செய்து வைத்தால்?” என்று கேட்பார்கள். மறையை அவிழ்க்கும் சாவியும் அதே பொட்டலத்துக்குள்தானே இருந்தாக வேண்டும்? பூட்டையும் சாவியையும் ஒரே உறையில் போட்டு அனுப்பிவிட்டு, உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன் என்று சொல்வதைப் போன்றது அது.

செயலி ஒருவரின் கைப்பேசியில் இறங்கிய பிறகு அது நம் பொருளன்று. அதற்குள் நாம் எழுதும் எந்தத் தடையையும் அவர் அகற்ற முடியும். ‘நிர்வாகிக்கு மட்டும்’ என்ற பொத்தானை மறைத்து வைப்பதெல்லாம் மரியாதைக்குத்தான், பாதுகாப்புக்கன்று.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். கைப்பேசிகள் நேரடியாக வந்து சேர வேண்டுமானால் தரவுத்தளத்தின் வாயிலை உலகத்துக்கே திறந்து வைக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் என்றால் 3306ஆம் எண் வாயில். போஸ்ட்கிரெஸ் என்றால் 5432. இந்த எண்களை இணையம் முழுதும் இரவும் பகலும் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் தானியங்கி நிரல்கள் ஏராளம். அவற்றுக்கு நம் அமைப்பின் பெயரும் தெரியாது. நாம் சிறியவர்கள் என்பதும் தெரியாது. மேலும், கடவுச்சொல் வெளியாகிவிட்டது என்று தெரிந்து அதை மாற்றினால், பழைய செயலியை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அஃது இயங்காமல் போய்விடும். எனவே, யாரும் மாற்றமாட்டார்கள்.

“நாங்கள் அப்படிச் செய்வதில்லை; ஃபயர்பேஸ் பயன்படுத்துகிறோம்” என்பார்கள் சிலர். 2014இல் கூகல் வாங்கிய இந்தச் சேவையில் வழங்கி எழுதாமலேயே செயலி தரவுத்தளத்தோடு பேசலாம். இங்கே கடைக்காரர் இல்லாமல் இல்லை. ‘பாதுகாப்பு விதிகள்’ என்ற பெயரில் கூகலின் வழங்கியில் நிற்கிறார். ஆனால், அவருக்கு என்ன உத்தரவு என்பதை நாம்தான் எழுத வேண்டும். சோதனை முறையில் தொடங்கினால் 30 நாள்களுக்கு எவரும் படிக்கலாம், எவரும் எழுதலாம் என்றிருக்கும். கெடு நெருங்கும்போது எச்சரிக்கை மின்னஞ்சல் வரும். போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. செயலி நின்றுவிடக் கூடாது. என்ன செய்வார்கள்? விதியைத் திருத்தி எழுத வேண்டிய இடத்தில் தேதியைத் தள்ளிப் போடுவார்கள். அல்லது ‘எப்பொழுதும் அனுமதி’ என்ற பொருளில் ஒரே சொல்லை எழுதி முடித்துவிடுவார்கள்.

இது நம்மூர் மாணவர்களின் சோம்பல் மட்டுமன்று. 2018இல் ஆப்தாரிட்டி எனும் கைப்பேசிப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தபோது, இவ்வாறு திறந்து கிடந்த ஃபயர்பேஸ் தரவுத்தளங்கள் ஏறத்தாழ 2,300 சிக்கின. அவற்றில் இருந்த பதிவுகள் 100 மில்லியனுக்கும் அதிகம். அதற்குப் பிறகாவது உலகம் திருந்தியதா? 2025 ஜூலையில் அமெரிக்காவில் பெண்களுக்கென நடத்தப்பட்ட ‘டீ’ என்ற செயலியின் படக்களஞ்சியம் திறந்து கிடந்தது. ஏறத்தாழ 72,000 படங்கள் வெளியாயின. அவற்றில் சுமார் 13,000 படங்கள், தாம் பெண்தான் என்று மெய்ப்பிக்கப் பயனர்கள் அனுப்பிய முகப்படங்களும் அடையாள ஆவணங்களும் ஆகும். பாதுகாப்புக்காகக் கேட்ட படமே பாதுகாப்பின்றிப் போயிற்று!

இங்கு ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஃபயர்பேஸ் செயலிக்குள் ஒரு சாவி எழுதப்பட்டிருக்கும். அதைக் கண்டு சிலர் அலறுவார்கள். அந்தச் சாவி வீட்டு எண்ணைப் போன்றது. எந்தத் திட்டத்தைச் சேர்ந்த செயலி என்பதை மட்டும் சொல்லும். காவல் காப்பவை விதிகள்தாம். ஆனால், நிர்வாகிக்குரிய சேவைக் கணக்குச் சாவி என்று வேறொன்று உண்டு. அது விதிகளையே தாண்டிச் செல்லக்கூடியது. வழங்கியை விட்டு வெளியே வரவே கூடாது. சுபாபேஸ் என்ற சேவையிலும் இவ்வாறே இரண்டு வகைச் சாவிகள் இருக்கின்றன. எது எங்கே இருக்கலாம் என்ற வேறுபாடு தெரியாதவர் இவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. கைப்பேசிச் செயலிகளின் அபாயங்களை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு, 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் கொடுத்திருப்பது இத்தகைய சாவிகளையும் கடவுச்சொற்களையும் தவறாகக் கையாள்வதற்குத்தான்.

சரி, முறையாக ஒரு வழங்கியை நடுவில் வைத்துவிட்டோம். அத்துடன் முடிந்ததா? கடைக்காரர் தூங்கினால் மேசை இருந்து என்ன பயன்? செயலி ‘பங்கேற்பாளர் 145’ என்று கேட்கிறது. வழங்கி அந்த மாணவரின் விவரத்தைத் தருகிறது. யாராவது 145ஐ 146 என்று மாற்றிக் கேட்டால்? கேட்பவர் உள்நுழைந்திருக்கிறாரா என்று மட்டும் பார்க்கும் வழங்கி அடுத்த பிள்ளையின் விவரத்தையும் தந்துவிடும். நீங்கள் யார் என்று கேட்பது ஒன்று. இதைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டா என்று கேட்பது வேறு. இரண்டாவது கேள்வியை ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு பதிவுக்கும் கேட்க வேண்டும். நான் பார்த்த மாணவர் செயலிகளில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இதுதான்.

பெரிய இடங்களிலும் இது நேர்கிறது. 2024 ஜனவரி 2ஆம் நாள் நம் அரசாங்கம் ‘பாடு’ எனும் முதன்மைத் தரவுத்தளத்தைத் தொடக்கியது. அஃது இணையத்தளம்தான் என்றாலும் மேசை ஒன்றே. ஒருவரின் அடையாள அட்டை எண் தெரிந்தால் போதும், ஏபிஐ வழியே அவருடைய கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்ற ஓட்டை தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டப்பட்டது. பின்னர் அஃது அடைக்கப்பட்டது. சுட்டிக்காட்ட ஆள் இருந்ததால் தப்பியது. நம் செயலிகளை யார் பார்த்துச் சுட்டிக்காட்டப் போகிறார்கள்?

அடையாள அட்டை எண்ணைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். அதில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஆகவே, ஒருவர் பிறந்த நாளும் மாநிலமும் தெரிந்துவிட்டால் மிஞ்சுவது நான்கு இலக்கங்கள். ஆணா பெண்ணா என்பதும் தெரிந்தால் 5,000 வாய்ப்புகள் மட்டுமே. தவறான முயற்சிகளுக்கு வரம்பு வைக்காத வழங்கியாக இருந்தால், ஒரு கணினி அவ்வளவையும் முயன்று பார்க்க அதிக நேரம் ஆகாது. நிலைமை இவ்வாறிருக்க, “உங்கள் கடவுச்சொல் உங்கள் அடையாள அட்டை எண்” என்று போட்டிச் சுற்றறிக்கையில் அச்சடிக்கிறோமே, இது முறையா? கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். அடையாள அட்டை எண்ணை மாற்ற முடியுமா? நான்காம் ஆண்டு மாணவியின் எண் இன்று வெளியானால், அவர் வங்கிக் கணக்குத் திறக்கும் நாளிலும் அதே எண்தான்.

சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த வழிகாட்டிகளின்படி, சட்டம் கேட்டாலோ ஒருவரை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்தியே தீர வேண்டிய தேவை இருந்தாலோ அன்றி, தனியார் அமைப்புகள் அடையாள அட்டை எண்ணைக் கேட்கக் கூடாது. புதிர்ப்போட்டிக்கு அந்தத் தேவை உண்டா? வயதைச் சரிபார்க்கப் பிறந்த ஆண்டு போதும். அதைப் பள்ளியே உறுதிப்படுத்தித் தரும். கேட்காத தகவலை எவராலும் திருட முடியாது. எந்தத் தொழில்நுட்பமும் இதைவிட மலிவாகக் கிடைக்காது.

“நம்மை யார் தாக்கப் போகிறார்கள்?” என்ற கேள்விக்கு வருவோம். 2017இல் நம் நாட்டில் 46.2 மில்லியன் கைப்பேசிக் கணக்குகளின் விவரங்கள் இணையத்தில் விலைபேசப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. நாட்டு மக்கள்தொகையைவிட அதிகமான எண்ணிக்கை அது. மோசடிக்காரர்களுக்குத் தேவை பெரிய நிறுவனங்களின் இரகசியம் மட்டுமன்று. “உங்கள் மகன் இன்ன பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான், விபத்தில் சிக்கிவிட்டான், உடனே பணம் அனுப்புங்கள்” என்று ஒரு தாயிடம் தொலைபேசியில் சொல்வதற்கு என்னென்ன தகவல் வேண்டுமோ, அவ்வளவும் நம் போட்டிப் பாரத்தில் இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024இல் திருத்தப்பட்டது. தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூன் முதல் நடப்பில் உள்ளது. கோட்பாடுகளை மீறினால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால், இச்சட்டம் வணிக நடவடிக்கை சார்ந்த தரவுகளுக்கே உரியது. இலவசப் போட்டி நடத்தும் மாணவர் அமைப்பை அது தொடாமலே போகலாம். சிலருக்கு இது நிம்மதி தரும். எனக்குத் தரவில்லை. கேட்பாரில்லை என்பதால்தான் நாம் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

பணம் இல்லை என்ற காரணமும் அவ்வளவாக நிற்காது. தரவு போகும் வழியில் ஒட்டுக்கேட்காமல் இருக்க வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது. 2018இல் வந்த ஆண்டிராய்டு 9 முதல், மறையாக்கம் இல்லாத இணைப்பை அந்த இயங்குதளமே இயல்பாகத் தடுக்கிறது. நம்மவர்கள் மெனக்கெட்டு ஒரு வரி எழுதி அந்தத் தடையை நீக்கிக்கொள்கிறார்கள்! பயனர் தட்டச்சு செய்வதை அப்படியே எஸ்கியூஎல் கட்டளையோடு ஒட்டாமல் அளவுருவாகத் தனியே அனுப்புவதற்கும் செலவில்லை. தரவுத்தளத்தில் ‘ரூட்’ கணக்கைக் கொடுக்காமல், தேவையான அட்டவணையை மட்டும் தொடக்கூடிய கணக்கைக் கொடுப்பதற்கும் செலவில்லை. உள்நுழைந்தவருக்கு விரைவில் காலாவதியாகும் டோக்கன் கொடுத்து, அதை ஆண்டிராய்டில் கீஸ்டோரின் துணையோடும் ஐபோனில் கீச்செயினிலும் காத்து வைக்கலாம். தேவைப்படுவது இரண்டு வாரக் கூடுதல் உழைப்பு. செயலியை யாராவது ஒருவரின் திறமைக்குச் சான்றாக அவசரமாக வெளியிடாமல், இரண்டாமவர் ஒருவர் படித்துப் பார்க்கக் கொடுக்கும் பொறுமையும் வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று மாணவர் அமைப்புகளுக்கே உரியது. நம் செயலவை ஆண்டுதோறும் மாறுகிறது. செயலியை எழுதிய அண்ணன் பட்டம் பெற்று வேலைக்குப் போய்விடுகிறார். தரவுத்தளம் அவருடைய சொந்த மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறது. நிர்வாகிக் கடவுச்சொல் மூன்று ஆண்டுகளுக்கு முந்திய வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது. அந்தக் குழுவில் இப்பொழுதும் முப்பது பேர் இருக்கிறார்கள். புதிய செயலவை புதிய செயலி செய்கிறது. பழையதை மூட வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. அதில் இருக்கும் பிள்ளைகள் இந்நேரம் இடைநிலைப்பள்ளிக்குப் போயிருப்பார்கள். அவர்களின் விவரம் மட்டும் அங்கேயே இருக்கிறது.

இங்கிலாந்தின் டாக்டாக் நிறுவனத்துக்கு 2015 அக்டோபரில் நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். 2009இல் வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்த பழைய இணையப் பக்கங்கள் இன்னும் திறந்திருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அவற்றின் வழியே எஸ்கியூஎல் கட்டளைகளைப் புகுத்தி, ஏறத்தாழ 157,000 வாடிக்கையாளர்களின் விவரங்களை எடுத்துவிட்டனர். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களில் 17 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். மறு ஆண்டு அந்நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 400,000 பவுண்டு. மரபுடைமையாக வந்த ஓட்டை அது. நாமும் ஒவ்வோர் ஆண்டும் தம்பி தங்கையருக்கு இப்படிப்பட்ட ஓட்டைகளைத்தான் பதவியோடு சேர்த்து ஒப்படைக்கிறோமா?

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் ஒவ்வொரு சென்னுக்கும் கணக்கு வாசிக்கிறார். ஐம்பது ரிங்கிட் இடித்தால் மூத்தவர்கள் எழுந்து கேட்கிறார்கள். அதே மேடையில் செயலாளர் இன்னும் சிலவற்றையும் வாசிக்கட்டும். இந்த ஆண்டு எத்தனை மாணவர்களின் விவரங்களைப் பெற்றோம், அவை எந்த வழங்கியில் இருக்கின்றன, யார் யாரிடம் சாவி இருக்கிறது, சென்ற ஆண்டு விவரங்கள் எந்தத் தேதியில் அழிக்கப்பட்டன. அமைப்பின் பெயரிலேயே ஒரு கணக்கு. பொறுப்பேற்கும் நாளன்று பழைய நிர்வாகிகளின் அனுமதி நீக்கம். போட்டி முடிந்து 30 நாள்களில் பதிவுகள் அழிப்பு. இந்த மூன்றையும் அமைப்பு விதியிலேயே சேர்க்க வேண்டும் என்று வரும் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் தேவை. கணினி மாணவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.